சிங்கவரத்திலிருந்து செஞ்சிக்கு ஒரு வழிநடை

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் மும்மணிகளைப் பற்றியும் பன்னிரண்டு சிந்தனைகளைப் பற்றியும் கற்றறிந்த பெரியோர் பேசக் கேட்டுப் பயன்பெற்று வருகிறோம். அவர்கள் பேசும் பொருள்கள் கடல் போன்றவை. நான் எடுத்துக்கொண்டிருப்பதோ ஒரு வாய்க்கால் அளவினது. விழுப்புரம் மாவட்டத்தில் சிங்கவரம் என்னும் சிற்றூருக்கும் செஞ்சி நகருக்கும் இடையே உள்ள ஒரு வழியைப் பற்றியே பேசப்போகிறேன். அதன் நீளம் ஏறத்தாழ நான்கைந்து கிலோமீட்டர். காலையில் புறப்பட்டால் இடையில் ஒரு குன்றில் ஏறி வணங்கி, சற்று இளைப்பாறி, வெயில் ஏறுமுன் நகரை அடைந்துவிடலாம். சிறுவரும் நடக்கலாம், என்னைப் போல் அறுபதைக் கடந்தவரும் நடக்கலாம். இத்துணை எளிய வழியைப் பற்றிப் பேச ஒரு விழா மேடை வேண்டுமா என்று நீங்கள் கேட்கக்கூடும். வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கான காரணத்தைச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

தமிழ் கற்பித்துப் பிழைத்தவனாதலால் முதலில் சொற்களிலிருந்து தொடங்குகிறேன். நம் மொழியில் அறத்தைக் குறிக்கும் சொற்கள் பலவும் நடப்பதைக் குறிக்கும் சொற்களாகவே இருக்கின்றன. நெறி என்றால் வழி. ஆறு என்றாலும் வழி. ஒழுகுதல் என்பது நீர் தன் தடத்தில் இடையறாது செல்லுதல். அதிலிருந்து பிறந்ததே ஒழுக்கம். நடை என்பது காலின் செயல்; அதுவே ஒருவருடைய குணத்துக்கும் பெயராயிற்று. தீர்த்தங்கரர் என்னும் திருப்பெயருக்கும் பொருள் என்ன? கடத்தற்கு அரிய நீரில் இறங்கு துறையை அமைத்தவர் என்பதுதானே! துறை அமைத்தவர் ஒருவர். அதில் இறங்கிக் கடக்க வேண்டியவர் நாம். ஒருவரும் இறங்காத துறையில் பாசி படியும். ஒருவரும் நடவாத வழியில் புல் மூடும். என் உரையின் சாரம் இவ்வளவே.

இனி வழிக்கு வருவோம். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலையில் இருப்பது செஞ்சி. மேல்சித்தாமூர் திருமடத்துக்கும் ஜினாலயத்துக்கும் செல்கையில் உங்களுள் பலர் இந்நகரைக் கடந்திருப்பீர்கள். நகருக்கு வடக்கே சிங்கவரம் உள்ளது. அங்கே ஒரு குன்றில் பல்லவர் காலத்தில் குடையப்பட்ட அரங்கநாதர் கோயில் இருக்கிறது. தேசிங்கு மன்னன் போருக்குப் புறப்படுகையில் இப்பெருமான் முகத்தைத் திருப்பிக்கொண்டு தடுத்தார் என்று அப்பகுதி மக்கள் ஒரு கதை சொல்வர். அக்குன்றின் அடியிலிருந்து தெற்கு நோக்கி நடந்தால் சிறுகடம்பூரை அடுத்துத் திருநாதர்குன்று வரும். அதைக் கடந்து செஞ்சியின் கடைத்தெருவை அடையலாம். ஆக, வைணவக் குடைவரை ஒன்றையும் சமணத் திருக்குன்று ஒன்றையும் ஒரே காலைப்பொழுதில் இணைக்கும் வழி இது. இரண்டுக்கும் இடையே வேலியும் இல்லை, பகையும் இல்லை, வயல்களே உள்ளன.

தார்ச்சாலை இருக்கிறது, அதன் வழியாகவும் செல்லலாம். ஆயினும் இடம் கண்ட இடத்தில் இறங்கி வண்டித்தடத்திலும் வரப்பிலும் நடப்பதே இன்பம். தை, மாசி மாதங்களில் சென்றால் ஒருபுறம் நெல் முற்றியிருக்கும். மறுபுறம் அம்மண்ணின் வாய்மொழியில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை பச்சைப் பாய் விரித்திருக்கும். வரப்போரத்தில் தும்பை வெண்மையாகவும் ஆவாரை மஞ்சளாகவும் பூத்திருக்கும். பனைகள் ஆங்காங்கே காவல் நிற்கும். நாற்புறமும் குன்றுகள். அவை ஒரே கல்லாக எழுந்தவை அல்ல. பெரும் பாறை உருண்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ அடுக்கி வைத்தாற்போன்றவை. எது எப்பொழுது உருளுமோ என்று புதிதாகக் காண்பவர் அஞ்சுவர். ஆனால் நம் பாட்டன் பூட்டன் கண்ட அதே நிலையில்தான் அவை இன்றும் நிற்கின்றன.

இங்கே அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் உழவுத்தொழில் செய்த குடும்பங்களில் பிறந்தவர்கள். வரப்பு நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் பெண் பார்க்கவும், திருமணத்துக்கும், தேர்த்திருவிழாவுக்கும் ஊர்விட்டு ஊர் நடந்தே சென்றனர். பொழுது சாயுமுன் உண்டாக வேண்டும் என்னும் நியமத்தால், எந்த ஊரை எந்நேரத்தில் அடைவது என்பதைக் கணக்கிட்டே புறப்பட்டனர். வடிகட்டிய நீரைச் செம்பில் நிரப்பித் துணியால் வாய்கட்டி எடுத்துச் சென்றனர். அவர்களுடைய வழிநடையே ஒரு நோன்பு போல அமைந்திருந்தது. இன்று நம் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் அயல்நாடுகளிலும் வாழ்கின்றனர். அதில் குறையொன்றும் இல்லை, பெருமைதான். ஆயினும் காலுக்கும் மண்ணுக்கும் இருந்த உறவு ஒரே தலைமுறையில் அறுந்துவிட்டது.

நடத்தல் நம் சமயத்தில் வெறும் பயணம் அன்று. முனிவர்களுக்குரிய ஐந்து சமிதிகளில் முதலாவது ஈர்யா சமிதி. பகலொளியில் நடத்தல், நான்கு முழம் முன்னே நிலத்தை நோக்கி நடத்தல், உயிர்களுக்கு ஊறு நேராவண்ணம் அடியெடுத்து வைத்தல் என்று அதை விரித்துரைப்பர். அதில் இன்னொரு கூறும் உண்டு. அதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். மக்களும் மாடுகளும் முன்பே நடந்து பதப்பட்ட தடத்திலேயே முனிவர் செல்ல வேண்டும் என்பதே அது. ஏன்? பலர் மிதித்த தடத்தில் புல் முளைக்காது. புல் இல்லாத இடத்தில் சிற்றுயிர்கள் குறைவு. ஆகவே அத்தடத்தில் செல்பவருக்குக் கொலைப்பாவம் குறையும். மழைக்காலம் நான்கு மாதமும் துறவியர் ஓரிடத்தில் தங்குவதற்கும் காரணம் இதுதான். அப்போது தடமெல்லாம் பசும்புல் மூடி, புழுவும் பூச்சியும் பெருகி, எங்கு அடி வைத்தாலும் ஓர் உயிர் இருக்கும்.

இக்கருத்தை நம் தமிழ்க் காப்பியம் ஒன்று மிக அழகாகக் காட்டுகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் புகாரிலிருந்து மதுரைக்குப் புறப்படுகின்றனர். வழியில் கவுந்தி அடிகளைக் காண்கின்றனர். அவர் அருகன் அடி மறவாத சமணத் துறவி. தாமும் மதுரைக்கு வருவதாகச் சொல்லிப் பீலியைக் கையில் ஏந்திப் புறப்படுகிறார். புறப்படுமுன் வழியின் தன்மையை விரித்துக் கூறுகிறார். சோலை வழியே சென்றால், கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும். அறியாதவர் கால் இடறும் என்கிறார். சரி, வயல் வழியே செல்வோம் என்றால், நீர்க்கரையில் ஊரும் நண்டும் நத்தையும் நம் காலடியில் சிக்கித் துன்புறும். அத்துன்பத்தைக் கண்டு தாங்க இயலாது என்கிறார்.

எண்ணிப் பாருங்கள். முதல் எச்சரிக்கை நடப்பவரின் காலைப் பற்றியது. இரண்டாவது, நடப்பவரின் காலுக்குக் கீழே இருக்கும் நண்டைப் பற்றியது. வழியில் என்ன இடர் வரும் என்று யாரைக் கேட்டாலும் கள்வரையும் விலங்கையும் சொல்வர். நம்மால் பிறவுயிருக்கு என்ன இடர் வரும் என்பதையும் சேர்த்துச் சொன்னவர் கவுந்தி அடிகள். வகுப்பறையில் இப்பகுதியைக் கற்பிக்கும்போதெல்லாம் மாணவரிடம் நான் ஒன்று சொல்வதுண்டு: அகிம்சைக்கு இலக்கணம் வேண்டுவோர் வேறெங்கும் தேட வேண்டாம், இந்த வயல் வரப்புக்கு வந்தால் போதும் என்று. அம்மூவரும் ஒரு நாளைக்கு ஒரு காவதத்துக்கு மேல் நடக்கவில்லை என்றும் காப்பியம் சொல்கிறது. விரைவு அவர்களுக்கு நோக்கமன்று.

கவுந்தி அடிகளின் முடிவையும் நீங்கள் அறிவீர்கள். கோவலனுக்கு நேர்ந்ததைக் கேட்டு மதுரையில் உண்ணாநோன்பு ஏற்று அவர் உயிர் நீத்தார். அம்முடிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வழியில் உள்ள குன்றுக்கும் அதற்கும் உறவுண்டு.

திருநாதர்குன்று உயர்ந்த மலையன்று. அடிவாரத்தில் காலணியைக் கழற்றிவிட்டு மெல்ல ஏறினால் சிறிது நேரத்தில் மேலே நிற்கலாம். அங்கே ஒரு பெரும் பாறையின் முகப்பில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசைகளில் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டுள்ளன. மேலே விமானம் இல்லை, கதவு இல்லை, திரை இல்லை. வானமே கூரை. வைகறை வெயில் படும்போது ஒவ்வொரு திருமேனியும் பாறையிலிருந்து சற்றே எழுந்து வருவது போலத் தோன்றும். கருவறையின் முன் கைகூப்பி நின்று பழகிய நமக்கு, வெட்டவெளியில் இருபத்துநான்கு பெருமான்களும் ஒருங்கே எதிர்நிற்கும்போது பஞ்ச நமஸ்காரம் தானாகவே நாவில் எழும்.

அக்குன்றில் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் பழமையானது ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். பழைய தமிழி எழுத்து மெல்ல வட்டெழுத்தாக உருமாறிக்கொண்டிருந்த காலத்தின் வடிவத்தில் அது அமைந்துள்ளது. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பு இருந்து உடல் நீத்த இடம் இது என்பதே அதன் செய்தி. உண்ணாநோன்பை அனசனம் என்றும், நோற்று முடிந்த இடத்தை நிசீதிகை என்றும் அது குறிக்கிறது. பிற்காலத்தைச் சேர்ந்த மற்றொரு கல்வெட்டு, இளைய பட்டாரர் என்பவர் முப்பது நாள் நோன்பிருந்து முடிந்ததைக் கூறுகிறது.

தமிழுக்கும் இக்கல்லில் ஒரு சிறப்பு உண்டு. ஐம்பத்தேழு என்னும் எண்ணைச் சொல்ல வந்த அந்தக் கல்தச்சர் ஐகார எழுத்தைப் பொறித்தார். கல்வெட்டுகளில் ஐ என்னும் உயிரெழுத்து முதன்முதலாகக் காணப்படுவது இங்கேதான் என்று கல்வெட்டறிஞர் எடுத்துக்காட்டுவர். முதல் வகுப்புக் குழந்தை ஒன்பதாவது உயிரெழுத்தாக ஐ எழுதிப் பழகுகிறதே, அவ்வெழுத்தின் பழைய வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் ஒரு சமண முனிவரின் நிசீதிகைக்குத்தான் போக வேண்டும். நாம் யார், இம்மொழிக்கு நாம் என்ன செய்தோம் என்று நம் பிள்ளைகளை யாரேனும் கேட்டால், ஐஞ்சிறுகாப்பியங்களையும் இலக்கண நூல்களையும் பட்டியலிட்டுச் சொல்லலாம். அதற்கு முன் இந்த ஓர் எழுத்தைக் காட்டினாலே போதும்.

சென்ற தை மாதத்தில் உறவினர் சிலருடன் இவ்வழியே நடந்து இக்குன்றில் ஏறினேன். கல்வெட்டின் செய்தியை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, ஏழாம் வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "தாத்தா, ஐம்பத்தேழு நாள் என்று யார் எண்ணினார்கள்?"

முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்த எனக்கு அக்கேள்வி தோன்றியதில்லை. நோன்பிருந்தவர் எண்ணியிருக்க மாட்டார். அவர் நாளையும் பொழுதையும் கடந்து ஆன்மாவில் நிலைத்திருப்பார். எண் இருக்கிறதென்றால், எண்ணியவர் ஒருவர் இருந்திருக்க வேண்டும். சல்லேகனை ஏற்றவரின் அருகிருந்து தொண்டு செய்யவும், அறவுரை கூறி மனத்தை நிலைநிறுத்தவும் துணைமுனிவர்கள் இருப்பது நம் மரபு. அவர்கள் எண்ணியிருப்பர். அவர்களுக்கு உணவளித்தவர் யார்? அருகிலிருந்த சிற்றூர்களின் சிராவகியரே அல்லரோ? ஐம்பத்தேழு நாளும் யாரோ இக்குன்றின் அடிவாரத்துக்கு நடந்து வந்திருப்பர். ஒவ்வொரு நாளும் "இன்று எப்படி இருக்கிறார்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருப்பர். ஐம்பத்தெட்டாம் நாள் கேட்க வேண்டிய தேவை இல்லாமற் போயிருக்கும். பின்னர் யாரோ ஒருவர் உளிபிடிக்கத் தெரிந்தவரை அழைத்து வந்திருப்பர்.

இவையெல்லாம் கல்லில் எழுதப்படவில்லை. நான் உய்த்துணர்ந்து சொல்பவை. ஆனால் அந்த எண் பொய் சொல்லாது. ஒருவருடைய நோன்புக்குப் பின்னால் ஓர் ஊரே நடந்த தடம் இருந்தது. துறவு தனியொருவருடையதாக இருக்கலாம். அதன் நினைவு தனியொருவரால் நிற்பதில்லை. வடக்கிருத்தல் என்னும் வழக்கம் தமிழகத்துக்குப் பழையது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததும் அவனோடு பிசிராந்தையார் வந்து இருந்ததும் சங்கப் பாடல்களால் நாம் அறிந்தவை. மன்னன் மானத்தின் பொருட்டு இருந்தான். முனிவர் விடுதலையின் பொருட்டு இருந்தார். இரண்டிலும் அருகே வந்து நின்றவர்கள் இருந்தனர் என்பதை மறவாதீர்கள்.

குன்றைவிட்டு இறங்கித் தெற்கே நடந்தால் செஞ்சிக் கோட்டை மலைகள் கண்முன் விரியும். ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் மதில் சூழ்ந்து நிற்கும். அவற்றின் வரலாறு நெடியது. 1677இல் சிவாஜி கைப்பற்றினார். நீண்ட முற்றுகைக்குப் பின் 1698இல் மொகலாயர் கைப்பற்றினர். 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். 1714இல் தேசிங்கு மன்னன் போரில் வீழ்ந்ததை நாட்டுப்புறக் கதைப்பாடல்கள் இன்றும் சொல்கின்றன. 2025இல் மராத்தியரின் கோட்டைகள் பன்னிரண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டபோது, தமிழகத்திலிருந்து அவற்றுள் இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. நாம் அனைவரும் மகிழ வேண்டிய செய்தி அது.

அம்மகிழ்ச்சியோடு ஒன்றை எண்ணிப் பார்க்கிறேன். மதில் கட்டிய குன்று கைமாறிக்கொண்டே இருந்தது. மதிலே இல்லாத திருநாதர்குன்றைப் பிடிக்க ஒரு படையும் வரவில்லை; அங்கே பிடித்துக்கொள்ள ஏதும் இல்லை. எல்லாவற்றையும் விட்டவருடைய இடம் அது. கோட்டைக்கு ஆபத்து பகைவரால் வந்தது. இக்குன்றுக்கு ஆபத்து வருமானால், அது மறதியால்தான் வரும். கோட்டையைக் காண ஊர்திகள் சாரை சாரையாக வருகின்றன. அவற்றில் வருவோரில் நூற்றில் ஒருவரேனும் வடக்கே திரும்பி இந்தக் குன்றைக் கேட்டு வருகிறாரா? அவரை விடுங்கள். நம்மவர் வருகிறோமா?

வருகிறோம், எப்படி வருகிறோம்? வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு ஒரே நாளில் ஏழெட்டுத் தலங்களைக் காண்கிறோம். அடிவாரம் வரை ஊர்தி. மேலே கால்மணி நேரம். கைப்பேசியில் நான்கு படம். "அடுத்த ஊருக்கு நேரமாகிறது" என்னும் குரல். முதியோரையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்ல ஊர்தி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்படிச் சென்றவரின் மனத்தில் குன்று மட்டும் தனியாக நிற்கும். அதைச் சுற்றியிருந்த ஊரும் வயலும் நீரும் மனிதரும் நிற்பதில்லை. வயலில் வேலை செய்யும் ஒருவரோடு ஒரு சொல் பேசியிருக்க மாட்டோம். அவருக்கும் நாம் யாரென்று தெரியாது. பின்னாளில் அக்குன்றில் யாரேனும் பெயர் கிறுக்கினாலும், பக்கத்தில் பாறை உடைக்க வந்தாலும், "இது இன்னாருடைய சாமி, ஆண்டுதோறும் நடந்து வருவார்கள்" என்று சொல்ல அவருக்கு நினைவு இராது.

இது வீண் அச்சமன்று. நம் வடமாவட்டங்களில் குன்றுகள் ஜல்லியாவதை நாள்தோறும் பார்க்கிறோம். திருநாதர்குன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. சட்டத்தின் காவல் அதற்கு உண்டு. ஆயினும் காவற்பலகை ஒன்றே போதும் என்று இருந்துவிடலாகாது. மதுரைப் பகுதியின் அனுபவம் நமக்குப் பாடமாக வேண்டும். யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் ஆக்கும் திட்டம் ஒன்று பேசப்பட்ட காலத்தில் எழுந்த எதிர்ப்பின் தொடர்ச்சியாக, எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முதலியோர் பசுமை நடை என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். சமணர் குன்றுகளுக்கு மக்களைக் குழந்தைகளோடு நடக்கவைத்து, அந்தந்த இடத்திலேயே அமர்ந்து வரலாறு கேட்கச் செய்வது அவர்கள் வழக்கம். அவர்களுள் பெரும்பாலோர் நம் சமயத்தினர் அல்லர் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

தமிழிக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் சிற்பமும் கொண்ட அரிட்டாபட்டி, 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அப்பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது, சுற்றுவட்டார உழவர் பெருமக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு மதுரை நோக்கிப் பேரணியாகச் சென்றனர். 2025 சனவரியில் ஏலம் கைவிடப்பட்டது. குன்றைத் தங்களுடையதாக அறிந்த மக்கள் இருந்ததால் அது நின்றது. நம் இளைஞர்களும் அகிம்சை நடை என்னும் பெயரால் சமணத் தலங்களுக்குச் சென்று வருகின்றனர், அவர்களை வாழ்த்துவோம். வாழ்த்துவதோடு நில்லாமல் அவர்களோடு நடப்போம்.

எனவே இவ்விழாவின் வாயிலாக ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். ஒவ்வொரு குடும்பமும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சிங்கவரத்திலிருந்து செஞ்சிக்கு நடக்க வேண்டும். அவ்வூர் தொலைவென்றால், உங்கள் ஊருக்கு அருகிலுள்ள குன்றையோ பழைய ஜினாலயத்தையோ அடையும் வழி ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். பொன்னூர் மலைக்கும் திருமலைக்கும் திருப்பருத்திக்குன்றத்துக்கும் இது பொருந்தும்.

நடைக்கு உரிய காலம் தை, மாசி. மழைக்காலத்தை விலக்குங்கள்; முனிவருக்குச் சொன்ன நியமம் நமக்கும் நல்லது. மழை பெய்து ஓய்ந்த மண்ணில் பட்டுப்போல் சிவந்த தம்பளப்பூச்சிகள் ஊரும். கண்ணுக்கு இனியவை, காலுக்கு எளியவை. கதிரவன் தோன்றி நிலம் நன்கு தெரிந்தபின் புறப்படுங்கள். மக்கள் நடந்த தடத்திலேயே செல்லுங்கள். குறுக்கு வழி வேண்டாம். விளைந்த வயலில் இறங்காதீர்கள். வயலுக்குரியவரைக் கண்டால் வணக்கம் சொல்லி, எங்கு செல்கிறோம், ஏன் செல்கிறோம் என்று சொல்லுங்கள். வடிகட்டிய நீரைக் கொண்டுசெல்லுங்கள். வெறும் புட்டியை அங்கே விட்டுவராதீர்கள்.

குன்றில் செய்யத்தகாதவை சில உண்டு. திருவுருவங்களின்மீது எண்ணெயோ பாலோ மஞ்சளோ சாத்த வேண்டாம். கற்பூரம் ஏற்ற வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி படியும். புகையில் பாறை கறுக்கும். சில தலைமுறைகளில் முகம் மழுங்கிப்போகும். கல்வெட்டை படிக்க வேண்டும் என்னும் ஆவலில் எழுத்தின்மீது சுண்ணக்கட்டியால் தேய்க்க வேண்டாம். கைகூப்புங்கள், பஞ்ச நமஸ்காரம் சொல்லுங்கள், அதுவே அபிடேகம். ஏற இயலாத பெரியோர் அடிவாரத்தில் அமர்ந்து வணங்கினாலும் பலன் குறையாது. அங்கே அமர்ந்து, தங்கள் இளமையில் எந்தெந்த ஊருக்கு நடந்தார்கள் என்பதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். பிள்ளைகளும் ஒன்று செய்யலாம். வழியில் கண்ட செடி, பறவை, பேசிய மனிதர் ஆகியவற்றைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி அறக்கட்டளைக்கு அனுப்பலாம். அடுத்த விழா மலரில் நம் கட்டுரைகளுக்குப் பக்கத்தில் அவையும் இடம்பெறுமாயின், இம்மலர் இன்னும் மணக்கும்.

ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, ஒரு குடும்பம் ஆண்டுக்கு ஒருநாள் நடப்பதால் என்ன ஆகிவிடும்?" உண்மைதான்; ஒருவர் நடந்தால் தடம் ஆகாது. ஆனால் இங்கே கூடியிருக்கும் குடும்பங்களில் வாரத்துக்கு ஒன்று நடந்தால், தையிலும் மாசியிலும் அவ்வழியில் சமணர் அடி படாத ஞாயிற்றுக்கிழமை இராது. பலர் அடி பட்ட தடமே உயிர்க்கொலை குறைந்த தடம் என்று நம் ஆசாரியர்கள் சொன்னதை மீண்டும் எண்ணிப் பாருங்கள். நாம் நடக்க நடக்க, நமக்குப் பின் வருபவருக்கு அகிம்சை எளிதாகிறது. நடவாமல் விட்டால் புல் மூடும். பின்னர் நடக்க விரும்பும் ஒருவர் புல்லையும் பூச்சியையும் மிதித்துத்தான் வழி காண வேண்டியிருக்கும். வழியை விட்டுவைப்பது அடுத்த தலைமுறைக்கு நாம் விட்டுச்செல்லும் கொடை. வழியை மூடவிடுவதோ, அவர்கள் தலையில் நாம் ஏற்றும் வினை.

சந்திரநந்தி முனிவருக்கு ஐம்பத்தேழு நாளை எண்ணி வைத்தவர்களின் பெயர் அக்கல்லில் இல்லை. அவர்கள் அதை வேண்டவும் இல்லை. அவர்கள் எண்ணியதால் நமக்கு ஒரு முனிவரின் பெயரும் ஓர் எழுத்தின் வடிவமும் கிடைத்தன. அடுத்த தை மாதத்தில், கதிர் எழுந்தபின், சிங்கவரத்தின் குன்றடியில் உங்களை எதிர்பார்ப்பேன். மிகுதியாக ஒன்றும் கொண்டுவர வேண்டாம். ஒரு செம்பு நீரும் ஒரு குழந்தையும் போதும்.

 அறம் வளர்க! ஜெய் ஜினேந்திரா!